அருவருப்பின் வேர்கள்: தன்பாலீர்ப்பாளர் மீதுள்ள வெறுப்பைக் குறித்து ஆயர்களுக்குச் சில சிந்தனைகள்

முன்னுரை

திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட் பொழுது புலர்வதற்கு முன்னரே விழித்துக்கொள்ளும் இடம். இரவெல்லாம் காய்கறி லாரிகள் வந்து நிற்கும். சுமைதூக்குவோர் மூட்டைகளை இறக்குவர். கமிஷன் மண்டிகளில் விலை கூறும் குரல் எழும். அந்த அங்காடிக்கு அண்மையிலிருந்த ஒரு சபையில் நான் ஆயராகப் பணியாற்றிய காலத்தில், மண்டியொன்றில் கணக்கெழுதி வந்த இளைஞர் ஒருவர் ஒரு மாலை வேளையில் என்னைக் காண வந்தார். பாடகர் குழுவில் பாடுகிறவர். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறவர். பெண்கள்பால் தமக்கு ஒருநாளும் நாட்டம் எழுந்ததில்லை என்றும், ஆடவர்மேலேயே தம் மனம் செல்லுகிறதென்றும், வீட்டில் பெண் பார்த்து வருகிறார்கள் என்றும் அவர் தலைகுனிந்தவாறே கூறினார். மார்க்கெட்டில் தமது நடையையும் குரலையும் பரிகசித்துப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னார்.

நான் அவருக்குச் சொன்ன மறுமொழி ஐந்து நிமிடங்களுக்கு மேற்படவில்லை. ஜெபிக்கும்படியும், பெற்றோர் சொற்படி திருமணம் செய்துகொள்ளும்படியும், மணமானபின் எல்லாம் சரியாகிவிடும் என்றும் கூறி அனுப்பினேன். ஆனால் இன்று அந்த மாலையை எண்ணும்போது முதலாவதாக நினைவுக்கு வருவது அம்மறுமொழியன்று. அவர் தம்மைப்பற்றிப் பேசத் தொடங்கியவுடன் நான் என் நாற்காலியைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவர் அதைக் கண்டார். அவர் கண்டதை நானும் கண்டேன்.

அந்தத் திருமணத்தை நானே நடத்திவைத்தேன். இரண்டாண்டுகளுக்குள் அப்பெண் தாய்வீடு திரும்பினாள். இளைஞர் ஊரைவிட்டுச் சென்றார். அவருடைய தாயார் மார்க்கெட்டில் தரைக்கடை போட்டுக் காய்கறி விற்பவர். ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார்: “ஐயா, கல்யாணத்துக்கு முன்னாடியே அவன் உங்ககிட்ட எல்லாம் சொன்னானாமே. அப்பவே நீங்க அவனைத் தடுத்திருந்தா அந்தப் பொண்ணு வாழ்க்கையாவது பொழைச்சிருக்குமே.” எனக்கு மறுமொழி இல்லை.

அன்று என் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தது எது? திருமறையில் நான் கொண்டிருந்த தெளிவா? அவ்வாறு சொல்ல எனக்கு விருப்பந்தான். ஆனால் எந்த வசனமும் என் மனத்திற்கு வருவதற்கு முன்னரே என் கை நாற்காலியைப் பற்றிவிட்டது. எனவே அதன் வேரை வேறிடத்தில் தேடவேண்டியிருக்கிறது. அத்தேடலே இக்கட்டுரை. தன்பாலீர்ப்பைக் குறித்த திருமறைப் பகுதிகளின் பொருள் யாது என்பதில் உலகத் திருச்சபைகளிடையே ஒத்த கருத்தில்லை. அவ்வழக்கை இங்கு நான் தீர்க்க முற்படவில்லை. ஆயினும், எந்தக் கருத்தினராயினும், தம் உள்ளத்திலுள்ள வெறுப்பையே வேத விளக்கம் என்று மயங்கலாகாது. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதே ஆயரின் முதற்கடமை.

1. சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘ஹோமோஃபோபியா’ என்னும் சொல்லைப் பரவச் செய்தவர் ஜார்ஜ் வைன்பெர்க் என்னும் அமெரிக்க உளவியலாளர். அவர் 1972-இல் வெளியிட்ட நூலின் வாயிலாக அச்சொல் வழக்கிற்கு வந்தது. அதுகாறும் அறிஞர்கள் ‘இம்மனிதர் ஏன் இவ்வாறு இருக்கின்றனர்?’ என்று தன்பாலீர்ப்பாளரையே ஆராய்ந்து வந்தனர். வைன்பெர்க் அவ்வினாவைத் திருப்பி, ‘இவர்களைக் கண்டு மற்றவர்கள் ஏன் இவ்வாறு ஆகின்றனர்?’ என்று கேட்டார்.

இவ்வினா எழுவதற்கு முன்னரே நிலம் பண்பட்டிருந்தது. 1957-இல் ஈவ்லின் ஹூக்கர் என்னும் பெண் உளவியலாளர், தன்பாலீர்ப்புடைய 30 ஆடவரையும் அஃதில்லாத 30 ஆடவரையும் உளவியல் சோதனைகளுக்கு உட்படுத்தி, முடிவுகளைப் பெயர் குறிப்பிடாமல் வல்லுநர்களிடம் கொடுத்தார். எவை எவருடையவை என்று அவர்களால் பிரித்தறியக் கூடவில்லை. 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலினின்று நீக்கியது. உலகச் சுகாதார நிறுவனம் 1990-இல் அவ்வாறே செய்தது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-இல் இது நோயன்று என்று வெளிப்படையாக அறிவித்தது. ஆகவே ‘நோய்’ என்னும் விளக்கம் இன்று நமக்கு இல்லை.

எனினும் ‘ஃபோபியா’ என்ற சொல் முற்றும் பொருத்தமானதன்று. பாம்பையோ உயரத்தையோ கண்டு காரணமின்றி அஞ்சுகிறவன் தன் அச்சம் நியாயமற்றது என்பதைத் தானே அறிவான், அதனால் வெட்கப்படுவான், விடுதலை தேடுவான். தன்பாலீர்ப்பாளரை வெறுக்கிறவனோ தன் வெறுப்பை நியாயம் என்றே கருதுகிறான். சில வேளைகளில் பக்தி என்றும் கருதுகிறான். இதனாலேயே கிரெகரி ஹெரெக் போன்ற ஆய்வாளர்கள் இதனைப் ‘பாலியல் சார்ந்த தப்பெண்ணம்’ என்று வழங்கலாயினர். ஒருவரிடத்தில் இத்தப்பெண்ணம் என்ன வேலையைச் செய்கிறது என்று ஹெரெக் 1980-களில் ஆராய்ந்தார். சிலருக்கு அது தாம் கேட்டறிந்தவற்றின் தொகுப்பு. சிலருக்குத் தம் கூட்டத்தாரோடு ஒன்றியிருப்பதற்கான அடையாளம். வேறு சிலருக்கோ தம் உள்ளக் கலக்கத்தினின்று தம்மைக் காத்துக்கொள்ளும் கேடயம். வேர்கள் பலவாதலின் மருந்தும் ஒன்றாயிராது. இவ்வேர்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

2. முதல் வேர்: அருவருப்பு

அருவருப்பு என்பது அடிப்படையில் உணவைச் சார்ந்த உணர்ச்சி. அழுகியதையும் நஞ்சையும் வாயினின்று விலக்குவதற்கென்று உடலில் அமைந்த காவல் அது. பால் ரோஸின் என்னும் உளவியலாளரும் அவருடைய உடனாய்வாளரும் காட்டியபடி, அக்காவல் உணவோடு நின்றுவிடுவதில்லை. மனிதர்மேலும் செயல்கள்மேலும் பரவுகிறது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்னும் எண்ணமே அதன் இலக்கணம். தருக்கம் அதற்குப் பொருட்டன்று. பிள்ளைகள் பிறக்கும்போது இவ்வுணர்ச்சியோடு பிறப்பதில்லை. எதனை அருவருக்க வேண்டும் என்பதைப் பெரியோர் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றனர். தாய் முகத்தைச் சுளித்தால் குழந்தையும் சுளிக்கிறது.

தமிழ்த் திருமறையைப் பயில்கிறவர்களுக்கு ‘அருவருப்பு’ என்னும் சொல் நன்கு பழக்கமானது. லேவியராகமம் 18:22-இல் அச்சொல் வருவதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அதே சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்பதை நாம் நினைப்பதில்லை. ஆதியாகமம் 43:32-ஐக் காண்க: எபிரெயரோடு ஒரே பந்தியில் உண்பது எகிப்தியருக்கு அருவருப்பு. ஆதியாகமம் 46:34-இன்படி ஆடு மேய்ப்போர் அனைவருமே எகிப்தியருக்கு அருவருப்பு. யாக்கோபின் மக்களே அங்கு அருவருக்கப்பட்டவர்கள்! நீதிமொழிகள் 11:1-இலோ கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று கூறப்பட்டுள்ளது.

இக்கடைசி வசனத்தைக் காந்தி மார்க்கெட்டில் வைத்து எண்ணிப் பாருங்கள். எடையில் குறைவு செய்து விற்கிற வணிகரொருவர் நம் சபையில் இருக்கக்கூடும். அவர் நம்மைக் காண வந்தால் நாற்காலியைப் பின்னுக்கு இழுப்போமா? அவர் கையைக் குலுக்கி, அறுவடைப் பண்டிகைக்குக் காணிக்கை கேட்போம். நடையிலும் குரலிலும் சற்றே வேறுபட்ட ஓர் இளைஞர் வந்தாலோ நம் உடல் சுருங்குகிறது. இரண்டிற்கும் திருமறையிலுள்ள சொல் ஒன்றே. ஆனால் நம் உடல் ஒன்றற்கு மட்டுமே மறுமொழி தருகிறது. அவ்வாறாயின் நம் உடலை இயக்குவது திருமறையன்று. அதற்கு முன்னரே நமக்குள் நுழைந்த வேறொரு பயிற்சி. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 6-ஆம் அதிகாரப் பட்டியலையும் இவ்வாறே காண்க. அதில் பொருளாசைக்காரரும் இருக்கின்றனர். அவர்களைக் கண்டு நமக்குக் குமட்டல் உண்டாவதில்லை.

இப்பயிற்சி எத்தன்மையது என்பதைத் தமிழ்த் திருச்சபை தன் வரலாற்றினின்றே அறியலாம். திருச்சியில் ஷ்வார்ட்ஸ் ஐயர் 1766-இல் கட்டிய கிறிஸ்து ஆலயம் இன்றும் நிற்கிறது. அவர் விதைத்த இந்நிலத்தின் சபைகளில் சாதியின்படி தனித்தனி இருக்கைகள் இருந்தன. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தினின்று பருகத் தயங்கியோர் இருந்தனர். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்கவேண்டும் என்று கடிதம் எழுதியபோது தஞ்சையிலும் திருச்சியிலும் வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் தீயவர்களல்லர்; ஜெபிக்கிறவர்கள், வேதம் வாசிக்கிறவர்கள். ஆயினும் பிறர் வாய் வைத்த பாத்திரத்தை அவர்கள் உடல் ஏற்க மறுத்தது. அம்மறுப்பையே அவர்கள் ஒழுங்கு என்று அழைத்தனர். ‘தூய்மை’ என்னும் பெயரில் ஓர் உணர்ச்சி நற்செய்தியையே தோற்கடிக்க வல்லது என்பதற்கு இதனினும் நெருங்கிய சான்று நமக்குத் தேவையில்லை.

3. இரண்டாம் வேர்: தன்னைப்பற்றிய அச்சம்

சிக்மண்ட் பிராய்டு ‘எதிர்வினை உருவாக்கம்’ என்னும் ஒரு தற்காப்பு முறையை விளக்கினார். ஒருவர் தம்முள் எழும் விருப்பத்தை ஏற்க அஞ்சும்போது அதற்கு நேர் எதிரானதை மிகையாகக் காட்டுவார் என்பது அதன் சுருக்கம். இக்கருத்தை 1996-இல் ஹென்றி ஆடம்ஸ் முதலியோர் ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தனர். தமக்குப் பெண்கள்மேல் மட்டுமே நாட்டமுண்டு என்று கூறிய 64 ஆடவரை, தன்பாலீர்ப்பாளர்மேல் வெறுப்புடையோர், அஃதில்லாதோர் என இரு பிரிவாக்கி, அவர்களுடைய உடல் எவற்றிற்கு இசைகிறது என்று கருவிகொண்டு அளந்தனர். ஆடவரிடையேயான உறவைக் காட்டும் படங்களுக்கு வெறுப்புடைய பிரிவினரின் உடலே கூடுதலாக இசைந்தது.

இவ்வாய்வை நாம் நிதானத்தோடு கையாள வேண்டும். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதனோடு ஒத்துப்போகவில்லை. பதற்றமும் கூட உடலில் அத்தகைய மாற்றத்தை உண்டாக்கியிருக்கலாம் என்று ஆடம்ஸ் குழுவினரே குறிப்பிட்டனர். ‘வெறுப்பவர் எல்லாரும் மறைவான தன்பாலீர்ப்பாளரே’ என்று கூறுவது உண்மைக்குப் புறம்பானது, தீமையானதுங்கூட. ஏனெனில் அது தன்பாலீர்ப்பையே மீண்டும் ஓர் ஏச்சுச் சொல்லாக்கி, வெறுப்பின் பழியையும் வெறுக்கப்பட்டோர் தலையிலேயே சுமத்துகிறது.

எனினும் இதில் ஒரு பொதுவான உண்மை அடங்கியுள்ளது. தம் உடலின் ஆசைகளோடு சமாதானமாயிராதவர் பிறருடைய ஆசைகளைக் கண்டு கலங்குவார். நம் சபைகளில் பாலுணர்வைப்பற்றி நாம் பேசுவதில்லை. வாலிபருக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆயர்களாகிய நாமும் இறையியல் கல்லூரியில் எபிரெய வினைச்சொற்களைக் கற்ற அளவிற்கு நம் உள்ளத்தைக் கற்றதில்லை. பேசப்படாதது இருளில் கிடக்கிறது. இருளில் கிடப்பது பேயுருக் கொள்கிறது. பின்னர் அப்பேயுருவை வேறொருவர் முகத்தில் கண்டு நாம் அலறுகிறோம்.

4. மூன்றாம் வேர்: ஆண்மையும் குடும்ப மானமும்

மார்க்கெட்டில் சுமை தூக்குகிற ஆடவர் ஒருவரையொருவர் ஏசும்போது கையாளும் சொற்களைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். ஆடவனைத் தாழ்த்த வேண்டுமானால் அவனைப் பெண்ணாக்கிப் பேசுகிறார்கள். ஆகவே அங்கு இகழப்படுவது தன்பாலீர்ப்பு மட்டுமன்று, பெண்மையே இகழப்படுகிறது. ‘ஆண்மை’ என்பது நம் நாட்டில் பிறப்பால் வந்து நிலைத்துவிடும் உடைமையன்று. ஒவ்வொரு நாளும் பிறர் முன்னிலையில் மெய்ப்பிக்க வேண்டியதொரு கடன். அதனை இழந்துவிடுவோமோ என்று அஞ்சுகிறவன், அதனை இழந்தவனாகத் தோன்றுகிறவன்மேல் பாய்கிறான். இவ்வெறுப்புப் பெண்களைக் காட்டிலும் ஆடவரிடத்தில் மிகுதி என்றும், ஆடவர்மேல் நாட்டமுள்ள ஆடவரை நோக்கியே அது கூர்மையாகப் பாய்கிறது என்றும் ஆய்வுகள் பலவும் காட்டுவதன் காரணம் இதுவே.

வீட்டிற்குள் இதே அச்சம் ‘மானம்’ என்னும் பெயர் பூணுகிறது. பெற்றோர் பலர் தம் பிள்ளையை வெறுப்பதில்லை. ‘ஊர் என்ன சொல்லும்?’ என்றே அஞ்சுகின்றனர். தங்கையின் திருமணம் தடைப்படுமோ, உறவினர் பேச்சு நின்றுவிடுமோ, சபையில் தலைநிமிர இயலாதோ என்னும் கவலைகள் அவர்களை நெருக்குகின்றன. அந்நெருக்கத்தில் அவர்கள் தேடிவரும் முதல் ஆள் பெரும்பாலும் ஆயரே. நாம் அப்போது அவர்களுடைய அச்சத்தைத் தணிக்கிறோமா, அதற்கு வேதப்பூச்சுப் பூசுகிறோமா என்பதில் ஓர் உயிர் அடங்கியிருக்கக்கூடும்.

5. நான்காம் வேர்: கூட்டத்தின் கட்டு

கார்டன் ஆல்போர்ட் 1954-இல் தப்பெண்ணத்தின் இயல்பைப் பற்றி எழுதிய நூலில், ஒரு கூட்டம் தன்னை ஒன்றாக உணர்வதற்குப் புறத்தாரைச் சுட்டிக்காட்டுவது எளிய வழியாகிவிடுகிறது என்று விளக்கினார். நம் நாட்டில் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. ‘இயற்கைக்கு மாறான’ புணர்ச்சியைத் தண்டித்த 377-ஆம் பிரிவு 1860-இல் பிரித்தானியர் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பகுதியாயிருந்தது. 1862-இல் நடைமுறைக்கு வந்தது. 2009 ஜூலை 2-ஆம் நாள் தில்லி உயர்நீதிமன்றம், வயதுவந்தோர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவிற்கு அப்பிரிவு பொருந்தாது என்று தீர்த்தபோது, அதனை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றோர் வரிசையில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ அமைப்புகளைச் சார்ந்தோர் யாவரும் இருந்தனர். வேறெதிலும் எளிதில் ஒன்றுபடாத நம் சமயத்தார் இதில் ஒன்றுபட்டனர். அவர்களுடைய மறைநூல்கள் வேறு, இறைக்கொள்கை வேறு. எனவே அவர்களை ஒன்றுகூட்டியது மறைநூலாக மட்டும் இருந்திருக்க இயலாது.

வியப்பிற்குரியது மற்றொன்றும் உண்டு. அந்நியர் ஆட்சியில் அந்நியர் எழுதிய சட்டம், நாளடைவில் ‘நம் பண்பாடு’ என்று போற்றப்படலாயிற்று. அதனைத் தந்த இங்கிலாந்தோ 1967-இலேயே தன் சட்டத்தை மாற்றிக்கொண்டது. அம்மாற்றத்திற்கு முன்னர் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த டெரிக் ஷெர்வின் பெய்லி என்னும் குரு 1955-இல் இப்பொருளைப் பற்றிய கிறிஸ்தவ மரபை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். சோதோமின் பாவத்தைக் குறித்த வழக்கமான விளக்கத்தை அவர் கேள்விக்குட்படுத்தினார். எசேக்கியேல் 16:49 சோதோமின் அக்கிரமமாக எவற்றை எண்ணுகிறது என்பதை வாசகர்கள் தாமே எடுத்துப் பார்ப்பார்களாக. அங்கே கர்வமும் உணவுத் திரட்சியும் ஏழையைத் தாங்காமையும் பேசப்படுகின்றன. மார்க்கெட்டின் மிகுதியும் அதன் ஓரத்தில் உறங்கும் பசியும் நமக்கு அவ்வசனத்தை விளக்கும்.

உச்சநீதிமன்றம் 2013 டிசம்பர் 11-ஆம் நாள் தில்லித் தீர்ப்பை மாற்றியது. 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் அடங்கிய ஆயம், மனமொத்த உறவு குற்றமன்று என்று ஒருமித்துத் தீர்த்தது. திருமண உரிமையை மட்டும் 2023 அக்டோபர் 17-ஆம் நாள் வழங்க மறுத்தது. சட்டம் இவ்வாறு நடந்துவந்திருக்கிறது. உள்ளமோ சட்டத்தோடு நடந்துவிடுவதில்லை.

6. தன் உள்ளத்தை ஆராய்ந்த ஒரு நீதிபதி

உள்ளம் மாறுவது எவ்வாறு என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. 2021-இல் மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள், ஒருவர்மேல் ஒருவர் அன்புகொண்டு சேர்ந்து வாழ விரும்பி, பெற்றோரின் எதிர்ப்பினால் சென்னைக்கு வந்தனர். பெற்றோர் காவல்துறையில் முறையிட்டனர். பெண்கள் பாதுகாப்புக் கோரிச் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் முன் வந்தது.

அவர் உடனே தீர்ப்பு எழுதிவிடவில்லை. இப்பொருளைப்பற்றித் தமக்குப் போதிய அறிவில்லை என்றும், தம்மிடத்திலும் முன்முடிவுகள் இருக்கின்றன என்றும் நீதிமன்ற ஆணையிலேயே வெளிப்படையாக எழுதினார். பெண்களையும் பெற்றோரையும் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பியதோடு நில்லாமல், தாமும் ஓர் உளவியலாளரிடம் மாணவராகச் சென்று அமர்ந்து கற்றுக்கொண்டார். தாம் எழுதப்போகும் சொற்கள் அறிவினின்று அன்றி உள்ளத்தினின்றே வரவேண்டும் என்பது அவர் விருப்பம். அதன்பின் 2021 ஜூன் 7-ஆம் நாள் அவர் பிறப்பித்த ஆணை, இத்தகையோரைக் காவல்துறையினர் துன்புறுத்தலாகாது என்றும், தன்பாலீர்ப்பை ‘மாற்றுவதாக’ச் செய்யப்படும் சிகிச்சைகள் தடைசெய்யப்பட வேண்டும் என்றும் கூறியது. அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2022-இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகள் திருத்தப்பட்டன. மாற்றுச் சிகிச்சை தொழில் ஒழுக்கக் கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. இழிவான சொற்களுக்கு மாற்றான சொற்பட்டியலைத் தமிழ்நாட்டு அரசு அரசிதழில் வெளியிட்டது.

இவ்வாணைகளைக் காட்டிலும் அவற்றிற்கு முன்னர் நிகழ்ந்ததே ஆயர்களாகிய நமக்குப் பெரிய பாடம். உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்திருந்த ஒருவர், ‘நான் அறியேன், எனக்குள் தப்பெண்ணம் உண்டு’ என்று அறிக்கையிட்டார். பாவ அறிக்கையை வாரந்தோறும் நடத்திவைக்கிற நாம் அதனைச் செய்ததுண்டா? இளைஞர் என் முன் அமர்ந்த அந்த மாலையில் நான் அறியாதவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறியாமையைவிட, அறியாமையை மறைத்த என் அதிகாரமே அவருக்கும் அப்பெண்ணுக்கும் தீங்கு விளைத்தது.

7. பேதுரு கண்ட துப்பட்டி

அப்போஸ்தலர் நடபடிகள் 10-ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் புறவினத்தார் பணியின் தொடக்கமாக மட்டுமே பிரசங்கிக்கிறோம். அது அருவருப்பின் உளவியலை விளக்கும் பகுதியும் ஆகும். பசியோடிருந்த பேதுருவுக்குத் துப்பட்டியில் விலங்குகள் காட்டப்பட்டபோது அவருடைய முதல் மறுமொழி உடலிலிருந்து வந்தது: தாம் ஒருபோதும் அத்தகையதை உண்டதில்லை என்றார். காட்சி மூன்று முறை நிகழவேண்டியிருந்தது. அப்போதும் அதன் பொருள் அவருக்கு விளங்கவில்லை. கொர்நேலியுவின் வீட்டு வாசற்படியைக் கடந்து, உள்ளே கூடியிருந்தோரின் முகங்களைக் கண்ட பின்னரே, எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லலாகாது என்னும் அறிவு அவருக்கு உண்டாயிற்று (வச. 28). வெளிப்பாடு மாடியில் கிடைத்தது. விளக்கமோ வீட்டிற்குள் கிடைத்தது.

உளவியலாரும் இதனையே காண்கின்றனர். நிகர் நிலையில், பொது நோக்கோடு, தலைவர்களின் ஆதரவோடு நிகழும் பழக்கம் தப்பெண்ணத்தைக் குறைக்கும் என்று ஆல்போர்ட் கூறினார். 2006-இல் பெட்டிகுரூ, டிராப் என்னும் இருவர் 500-க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, இக்கூற்று பொதுவாக உண்மையே என்றும், தன்பாலீர்ப்பாளர்மேலுள்ள தப்பெண்ணத்தில் இதன் பயன் சிறப்பாகத் தெரிகிறது என்றும் கண்டனர். காரணம் எளிது. வெறுப்பு ‘அவர்கள்’ என்னும் சொல்லில் வாழ்கிறது. ‘நம் பாடகர் குழுவில் பாடுகிறவர்’ என்னும் சொல்லில் அதனால் நெடுநாள் வாழ இயலாது.

8. ஆயர்கள் செய்யத்தக்கவை

முதலாவது, திருமணத்தை மருந்தாக எழுதிக்கொடுக்கலாகாது. ஒருவர் தம் நாட்டம் இத்தகையது என்று நம்மிடம் கூறியபின் ஒன்றுமறியாத ஒரு பெண்ணை அவருக்கு மணமுடித்து வைப்பது இருவருக்கும் இழைக்கும் அநீதி. அவர் சொன்ன இரகசியத்தை வெளியிட நமக்கு உரிமையில்லை. ஆனால் அத்திருமணத்திற்கு உடன்படவேண்டாம் என்று அவருக்குத் துணிவூட்டவும், அவர் விரும்பினால் பெற்றோரிடம் பேசும்போது உடனிருக்கவும் நமக்குக் கடமையுண்டு. அத்தாயார் என்னிடம் எதிர்பார்த்ததும் இதுவே.

இரண்டாவது, ‘குணமாக்குவதாக’ வாக்களிக்கும் மருத்துவரிடமோ ஜெபக்கூட்டத்திற்கோ எவரையும் அனுப்பலாகாது. நோயல்லாததற்குச் சிகிச்சை இல்லை. மாறாக, மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ உடையவராகக் காணப்பட்டால், தப்பெண்ணமற்ற மனநல மருத்துவரிடம் தாமதமின்றி அழைத்துச் செல்லவேண்டும்.

மூன்றாவது, பிரசங்க மேடையில் பரிகாசத்தை விலக்கவேண்டும். நகைச்சுவைக்காகச் சொல்லப்படும் ஒரு வார்த்தையைச் சபையின் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் பதினாறு வயதுப் பிள்ளை தனக்கென்று எழுதப்பட்ட தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும்.

நான்காவது, பெற்றோருக்கு ஆறுதலாயிருக்க வேண்டும். அவர்களுடைய அச்சத்தின் பெரும்பகுதி சபையைப்பற்றிய அச்சமே. ‘சபை உங்களைக் கைவிடாது’ என்று ஆயர் ஒருவர் சொன்னால் பாதிப் பாரம் இறங்கும்.

ஐந்தாவது, இறையியல் மாணாக்கர் ஆயர்பணி வகுப்பில் தத்தம் உள்ளத்தின் வரலாற்றை எழுதிப் பார்ப்பது நன்று. இத்தகையோரைக் குறித்த முதல் ஏச்சுச் சொல்லை எந்த வயதில், யார் வாயினின்று கேட்டோம்? அப்போது நம் உடலில் என்ன நிகழ்ந்தது? எழுதியதை எவருக்கும் காட்டவேண்டியதில்லை. எழுதியவர் தாம் அறிந்தால் போதும்.

முடிவுரை

ரோமர் முதலாம் அதிகாரத்தை மேற்கோள் காட்டுகிற நாம் இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்திற்கு வருமுன் நிறுத்திவிடுகிறோம். பவுலடிகளோ அங்கு நிறுத்தவில்லை. குற்றவாளிகளின் பட்டியலை வாசித்துத் தலையசைத்துக்கொண்டிருக்கும் வாசகரை நோக்கியே அவர் திரும்புகிறார். வெறுப்பின் வேர்களைத் தேடுகிறவர் முடிவில் வந்து சேரும் இடமும் அதுவே.

அந்த இளைஞர் இப்போது வேறொரு நகரத்தில் வாழ்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டேன். அவர் சுருக்கமாகப் பதில் எழுதினார். என் அறிவுரையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அன்று நான் தம்மோடு ஜெபித்தபோது, வழக்கமாகச் செய்வதுபோல் தம் தலைமேல் கை வைக்கவில்லை என்பதை மட்டும் குறிப்பிட்டிருந்தார். நாற்காலி என் நினைவில் இருந்தது. கை என் நினைவில் இல்லை. அருவருப்பு தன் செயலைத் தானே மறந்துவிடுகிறது. அதற்கு ஆளானவர் மறப்பதில்லை.

மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் இன்றும் அத்தாயாரின் கடையில் காய் வாங்குகிறேன். அவர் நிறுத்துக் கொடுப்பதில் ஒருநாளும் குறைவு இருந்ததில்லை.